மெழுகும் பொன்னும்: எத்தியோப்பியக் கெனே மரபும் அதன்மேல் ஏற்றப்பட்ட உருவகமும்

எத்தியோப்பிய இலக்கியத்தைப் பற்றி வெளியுலகில் எழுதப்பட்டவற்றுள் பெரும்பாலானவை ஓர் உருவகத்தில் தொடங்கி அவ்வுருவகத்திலேயே முடிகின்றன. அம்ஹாரிக் மொழியில் ‘செம்’ என்பது மெழுகு. ‘வெர்க்’ என்பது பொன். மெழுகும் பொன்னும் எனப் பொருள்படும் ‘செம்-இன்னா-வெர்க்’ என்னும் தொடர், வெளிப்படையாக ஒரு பொருளையும் உள்ளாக வேறொரு பொருளையும் தரும் கவிதை முறைக்கு அந்நாட்டார் இட்ட பெயராகும். பொற்கொல்லர் மெழுகில் உருச்செய்து, அதன்மேல் களிமண் பூசி, நெருப்பில் காட்டுவர். மெழுகு உருகி வெளியேறும். அது விட்டுச்சென்ற வெற்றிடத்தில் உருக்கிய பொன்னை வார்ப்பர். சுவாமிமலைச் சிற்பிகள் படிமம் வார்க்கும் முறையும் அடிப்படையில் இதுவே ஆதலின், தமிழ் வாசகர்க்கு இவ்வுருவகம் உடனே விளங்கிவிடும். உடனே விளங்கிவிடுவதுதான் இதிலுள்ள இடர்.

அமெரிக்கச் சமூகவியலாளர் டொனால்டு லெவைன் 1965ஆம் ஆண்டு ‘மெழுகும் பொன்னும்’ என்னும் தலைப்பிலேயே ஒரு நூல் வெளியிட்டார். அம்ஹாரா மக்களின் பண்பாட்டையும், அது நவீனமயமாதலை எதிர்கொள்ளும் விதத்தையும் ஆராய்ந்த அந்நூல், கவிதைக்குரிய இந்த இருபொருள் முறையை ஒரு சமூகத்தின் மனப்போக்கிற்கே குறியீடாக்கிற்று. அம்ஹாரா மக்களின் பேச்சிலும் உறவிலும் அரசியலிலும் தெளிவின்மை ஊடுருவி நிற்கிறது என்றும், ஒருபொருட்டெளிவை வேண்டி நிற்கும் நவீன வாழ்வோடு அது எவ்வாறு இயைந்து செல்லும் என்பது வினாவே என்றும் அவர் வாதிட்டார். நூல் உழைப்பால் எழுந்தது, பரிவோடு எழுதப்பட்டது. ஆயினும், அதன்பின் வந்தோர் பலரும் நூலை விட்டுத் தலைப்பை மட்டும் எடுத்துக்கொண்டனர். எத்தியோப்பியக் கவிதை எனில் மறைபொருள், எத்தியோப்பியர் எனில் உள்ளொன்று வைத்துப் புறமொன்று பேசுவோர் என்னும் வாய்பாடு நிலைபெற்றது. சங்க இலக்கியத்தைக் ‘காதலும் வீரமும்’ என இரண்டு சொற்களில் முடித்துவிடுவோரை அறிந்த தமிழாய்வாளர்க்கு இவ்வகைச் சுருக்கத்தின் விளைவு புதியதன்று.

இவ்வாய்பாடு மூலமரபின் முன் நிற்குமா என்பதே இங்கு வினா. அதற்கு விடை காணக் ‘கெனே’ என்னும் கவிதைக் கல்வியை அணுகிப் பார்த்தல் வேண்டும்.

கெனேயும் அதன் பள்ளியும்

கெனே கீயெஸ் மொழியில் இயற்றப்படுவது. கீயெஸ் செமித்திய மொழிக்குடும்பத்தைச் சார்ந்தது; அக்சும் அரசின் மொழி. கி.பி. 4ஆம் நூற்றாண்டில் எசானா மன்னன் கிறித்தவத்தைத் தழுவிய காலத்தையொட்டி, அதுவரை மெய்யெழுத்து மட்டுமே எழுதிவந்த அந்த எழுத்துமுறை உயிர்க்குறிகளையும் ஏற்றது. ஒவ்வொரு மெய்யும் ஏழு உயிர்களோடு சேர்ந்து ஏழு வடிவங் கொள்ளும். நமது உயிர்மெய் நெடுங்கணக்கை நினைவூட்டும் இவ்வமைப்பைக் கண்டு இந்தியத் தொடர்பைக் கருதியோரும் உளர். அது நிறுவப்பட்ட முடிபன்று. ஏறத்தாழ 10ஆம் நூற்றாண்டளவில் கீயெஸ் பேச்சு வழக்கொழிந்தது. ஆயினும் திருச்சபையின் மொழியாகவும் கல்வியின் மொழியாகவும் இன்றளவும் தொடர்கிறது. ஆகவே கெனே பாடுவோர் எவரும் தம் தாய்மொழியில் பாடுவதில்லை. கற்ற மொழியில் அவ்வப்போதே புதிதாகப் பாடுகின்றனர். இச்செய்தி அடிப்படையானது, மறைபொருள் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் இதனைக் கவனிப்பதில்லை.

மரபுவழிக் கல்வியில் வாசிப்பு, வழிபாட்டிசை ஆகியவற்றின்பின் மாணவன் கெனேப் பள்ளிக்கு வருகிறான். கோஜாம் பகுதியின் வஷெரா, கோஞ்ச் ஆகியனவும் வட்லாவும் இக்கல்விக்குப் பெயர்பெற்ற இடங்கள். மாணவர் ஊரூராகச் சென்று இரந்துண்டு கற்பர். வறுத்த தானியத்தை உண்டு காலங்கழிப்பதால் அவர்க்கு ‘கோலோ மாணவர்’ என்றே பெயர். ஆசிரியர் இலக்கணமும் மாதிரிப் பாடல்களும் உரைப்பார். மாணவர் தனித்துச் சென்றமர்ந்து பாடல் புனைந்து மீள்வர். ஆசிரியர் அதனைத் திருத்துவார். இரண்டடியாலாகிய ‘குபாஎ கனா’வில் தொடங்கிப் படிப்படியாக நீண்ட வடிவங்களுக்குச் செல்லும் இப்பயிற்சி ஆண்டுக்கணக்கில் நீளும். அடிதோறும் இறுதி எழுத்து ஒத்துவரல் வேண்டும் என்பது யாப்பு விதி. நமது எதுகை அடிமுதலிற் செய்வதை அவ்வியைபு அடியிறுதியிற் செய்கிறது. கோஜாமின் எமஹோய் கெலானேஷ் பார்வையிழந்த பெண்மணி. ஆடவர்க்கேயுரியதாகக் கருதப்பட்ட இக்கல்வியின் ஆசிரியராக விளங்கியவர். அவரை நாடி ஆடவரே மாணவராக வந்தனர் என்பது குறிப்பிடத்தக்கது.

கெனேயின் மற்றோர் இயல்பு தமிழாய்வாளரை வியக்கவைக்கும். ஒருநாள் வழிபாட்டில் பாடிய கெனேயை மறுநாள் பாடுதல் கூடாது. அந்நாளுக்குரிய புனிதர், அந்நாளுக்குரிய மறைப்பகுதி, அன்று அவையில் இருப்போர் ஆகியவற்றுக்கு ஏற்ப அன்றே பிறந்து அன்றே முடிவது அது. கேட்போர் நினைவிலும் மாணவர் குறிப்பேட்டிலும் எஞ்சியவையே பின்னர்த் தொகுக்கப்பட்டன. தொகுப்பில் இன்று காணும் கெனே, நமது தனிப்பாடல் திரட்டிலுள்ள பாடல் போன்றது: பாடப்பெற்ற சூழலை இழந்து, அச்சூழலை விளக்கும் கதையொன்றைத் துணையாகக் கொண்டு நிற்பது. அக்கதை பாடலோடு பிறந்ததா, பாடலுக்காகப் பின்னர்ப் பிறந்ததா என்னும் ஐயம் காளமேகம் பாடல்களில் எழுவதுபோலவே அங்கும் எழும்.

மூன்று அணிகள், ஒரு பெயர்

இனி ‘மெழுகும் பொன்னும்’ என்பதற்கு வருவோம். கெனே ஆசிரியரிடையே இத்தொடர் விரிந்த பொருளிலும் குறுகிய பொருளிலும் வழங்குகிறது. விரிந்த பொருளில் இரட்டைப் பொருள் தரும் எல்லா முறைக்கும் இது பெயர். குறுகிய பொருளில் இது ஓர் அணி மட்டுமே. லெவைனும் இவ்வேறுபாட்டை அறியாதவர் அல்லர். தம் வாதத்திற்கு விரிந்த பொருளே பயன்பட்டமையால் அதனை மேற்கொண்டார். குறுகிய பொருளில் மெழுகும் பொன்னும் பாடலில் வெளிப்படையாகவே அடுத்தடுத்து நிற்கும். மறைநூலிலிருந்தோ இயற்கையிலிருந்தோ எடுத்த உருவம் மெழுகு. அதனோடு இணைக்கப்பட்ட புனிதரோ மன்னரோ நிகழ்ச்சியோ பொன். இரண்டும் சொல்லப்பட்டுவிடுவதால் இதில் மறைப்பென்று எதுவுமில்லை. தமிழணியியல் வழக்கில் கூறுவதாயின் இது உருவகத்தின்பாற்படும்.

‘ஹிப்ர்’ என்பது வேறு. ஒரே சொல் இருபொருள் தருவது அது; நமது சிலேடைக்கு நிகரானது. இதற்கு அம்மொழிகளின் எழுத்துமுறையே துணைசெய்கிறது. அம்ஹாரிக்கில் ஒற்று இரட்டித்தலால் பொருள் மாறும். ஆனால் இரட்டித்தலை எழுத்து காட்டுவதில்லை. ‘அலெ’ என்றால் ‘கூறினான்’. ‘அல்லெ’ என்றால் ‘இருக்கிறான்’. ‘கெனா’ என்றால் ‘இன்னும்’. ‘கென்னா’ என்றால் கிறித்து பிறப்பு விழா. இவ்விணைகள் ஒவ்வொன்றும் ஏட்டில் ஒரே வடிவினவாகவே எழுதப்படும். சொற்களைப் பிரிக்குமிடம் மாறினும் பொருள் மாறும். புள்ளியிடாத ஓலைச்சுவடியில் மெய்யா உயிர்மெய்யா எனத் தடுமாறிய தமிழ்ப் பதிப்பாசிரியர்கள் எதை இடர் எனக் கண்டார்களோ, அதற்கு நெருங்கிய ஒன்றை எத்தியோப்பியப் புலவர் கருவியாகக் கொண்டனர். ஆக, சிலேடையின் பெருக்கத்திற்கு மக்களின் கரவுமனம் காரணம் என்று தேடிச்செல்வதற்குமுன் எழுத்திலக்கணத்தைப் பார்த்தல் நன்று.

மூன்றாவது ‘வெஸ்தெ வைரா’. வைரா என்பது காட்டு ஒலிவ மரம். தொடரின் பொருள் ‘ஒலிவத்தின் உள்’. மரத்தின் பட்டை ஒரு நிறம். வெட்டிப் பார்த்தால் அகக்காழ் வேறு நிறம். இவ்வகையில் சொல் இருபொருள் தருவதில்லை. பாடல் முழுவதும் ஒரு காட்சியை மட்டுமே உரைக்கும். அக்காட்சிக்குள் இருக்கும் மற்றொன்றைக் கேட்போரே உணர்ந்துகொள்ளல் வேண்டும். இதனைப் படிக்கும் தமிழறிஞர்க்கு உள்ளுறை நினைவுக்கு வராமல் போகாது. ஒப்புமை உண்மையானதே. ஆனால் வேறுபாடு அதனினும் பயன் தருவது. தொல்காப்பியர் உள்ளுறைக்குக் கருப்பொருளை நிலைக்களனாக்குகையில் தெய்வத்தை விலக்கினார். அகத்திணையின் உள்ளுறை மக்கள் வாழ்வையே உட்பொருளாகக் கொண்டது. ஒலிவத்தின் உள்ளோ தெய்வத்தையே அகக்காழாகக் கொண்டு வளர்ந்தது. பழைய ஏற்பாட்டு நிகழ்ச்சி ஒவ்வொன்றும் புதிய ஏற்பாட்டு நிகழ்ச்சியொன்றை முன்னுணர்த்தி நிற்கிறது என்னும் மறைவிளக்க முறையே அதற்குத் தாய். அம்முறையில் பழுத்த புலவர் அதே கருவியால் நாட்டு நடப்பையும் சுட்டினர்.

இவ்வாறு நோக்கும்போது வார்ப்பு உருவகத்தின் குறை வெளிப்படுகிறது. வார்ப்பில் மெழுகு அழிகிறது. பொன் மட்டும் எஞ்சுகிறது. கவிதையில் அவ்வாறில்லை. மெழுகாக அமைவது பெரும்பாலும் மறைநூற் கதை. அதனை உருக்கி ஊற்றிவிட எந்தக் கெனே ஆசிரியரும் உடன்படார். கேட்போன் இரண்டையும் ஒருங்கே ஏந்தி நிற்கும்போதுதான் பாடல் முற்றுப்பெறுகிறது. மெழுகு பொய், பொன் மெய் என்று கொண்டு, அம்மெய்யை மறைப்பதே அப்பண்பாட்டின் இயல்பு என முடிவு கட்டுவது, பெயரிலுள்ள உருவகத்தை நம்பிப் பொருளைக் கைவிடுவதாகும்.

புனிதர் உருவமும் கடன்பெற்ற கதையும்

கெனேயை மட்டும் கொண்டு மரபு முழுவதையும் அளத்தல் மற்றொரு பிழை. கீயெஸ் இலக்கியத்தில் மறைவே இல்லாத பெரும்பகுதி உண்டு. ‘மல்க்’ என்னும் வகை அதற்குச் சான்று. ‘மல்க்’ என்றால் உருவம். புனிதரின் உறுப்பு ஒவ்வொன்றையும் தனித்தனியே வணங்கி, உறுப்புக்கு ஒரு பாடலாக அமைவது, பெரும்பாலும் ஐந்தடி, ‘சலாம்’ என்னும் வணக்கச் சொல்லில் தொடங்குவது. பெயரை நினைத்து, தலைமுடியில் தொடங்கி, கண், செவி, கழுத்து எனப் பாதம்வரை செல்லும். வெளியுறுப்போடு நில்லாமல் சிறுநீரகம் முதலிய உள்ளுறுப்புகளையும், உயிர் பிரிந்ததையும், உடலைப் பொதிந்த துணியையும், கல்லறையையும் வணங்கி முடியும். நமது கேசாதிபாதத்தோடு இதனை ஒப்பிடுதல் இயல்பு. தெய்வத்தைப் பாதத்தில் தொடங்கியும் மானிடரைத் தலையில் தொடங்கியும் பாடுதல் நம் மரபு. தலையில் தொடங்கும் மல்க், புனிதர் மானிடராகப் பிறந்து இறந்தவர் என்பதை இறுதிவரை மறப்பதில்லை. இவ்விரு மரபுகளுக்கும் தொடர்பு இருந்ததெனக் கூறச் சான்றில்லை. தொடர்பின்றியே இரு மொழிகள் உடலை இவ்வாறு வரிசைப்படுத்திப் போற்றின என்பதே நோக்கத்தக்கது.

தொடர்புள்ள இடம் வேறு. புத்தர் வரலாறு இந்தியாவிலிருந்து மேற்கே சென்று, அரபு, ஜார்ஜியம், கிரேக்கம் எனப் பல மொழி கடந்து, கிறித்தவத் துறவியொருவர் இந்திய இளவரசனை மனந்திருப்பும் ‘பர்லாம், யோசபாத்’ கதையாயிற்று. அதனை 1553இல் அரபியிலிருந்து கீயெஸில் பெயர்த்தவர் எம்பாகோம். யேமன் நாட்டிலிருந்து வந்து, இஸ்லாத்திலிருந்து கிறித்தவராகி, தெப்ர லிபானோஸ் மடத்தின் தலைமைக்கு உயர்ந்தவர் அவர். இமாம் அகமது நடத்திய நெடும்போரால் தேவாலயங்களும் ஏடுகளும் எரிந்தழிந்த காலத்தை அடுத்து, கலாவ்தெவோஸ் மன்னன் ஆட்சியில் இப்பணி நடந்தது. மேற்குலக ஆய்வாளர் நெடுங்காலம் கீயெஸ் இலக்கியத்தை ‘மொழிபெயர்ப்பு இலக்கியம்’ என்று தாழ்த்தியே மதித்தனர். ஏனோக்கு நூலும் யூபிலி நூலும் முழுமையாக எஞ்சியிருப்பது கீயெஸில் மட்டுமே என்பதை நன்றியோடு குறித்தவர்களும், அம்மொழியைப் பிறர் செல்வத்தைக் காத்த பெட்டகமாகவே கண்டனர். எரிந்த நூலகத்தை மீண்டும் நிரப்ப முனைந்த ஒரு சமுதாயத்தின் தேர்வு என்று கண்டால் மொழிபெயர்ப்பின் மதிப்பு மாறும்.

‘கெப்ர நகஸ்த்’ இதற்குத் தக்க சான்று. 14ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அக்சுமின் இஸ்ஹாக்கால் இன்றைய வடிவம் பெற்ற அந்நூல், தன்னை அரபிவழி வந்த மொழிபெயர்ப்பென்றே அறிமுகம் செய்துகொள்கிறது. மகெதா அரசி சாலமோனைக் கண்டது, அவர்தம் மகன் மெனெலிக் உடன்படிக்கைப் பேழையை எத்தியோப்பியாவுக்குக் கொணர்ந்தது ஆகியவை அதன் கதை. 1270இல் ஆட்சியேறிய அரசமரபு தன் உரிமையை அதன்மேல் நாட்டியது. இலக்கிய நூலொன்று ஆட்சியுரிமைச் சான்றானமை எவ்வளவு உறுதியானது என்பதைப் பிற்கால நிகழ்ச்சியொன்று காட்டும். 1868இல் ராபர்ட் நேப்பியர் தலைமையில் மக்தலாக் கோட்டையைத் தாக்கிய பிரித்தானியப் படை பம்பாயிலிருந்து புறப்பட்டது. இந்தியச் சிப்பாய்கள் பெருந்தொகையினராக அதில் இருந்தனர். மதராஸ் சேப்பர்ஸ் பிரிவும் சென்றது. தெவோத்ரோஸ் மன்னன் தன்னைச் சுட்டுக்கொண்டு மாண்டபின், அவன் திரட்டிவைத்த ஏடுகள் யானை மேலும் கோவேறு கழுதை மேலும் ஏற்றிச் செல்லப்பட்டன. ஏறத்தாழ 350 ஏடுகள் பிரித்தானிய அருங்காட்சியகம் புகுந்தன. அவற்றுள் கெப்ர நகஸ்த் படியும் இருந்தது. அதன்றித் தம் மக்கள் தமக்குப் பணியார் என்று கூறி, யோகன்னஸ் மன்னன் 1872இல் அதனைக் கேட்டெழுதித் திரும்பப் பெற்றான். பிற ஏடுகளிற் பெரும்பாலானவை திரும்பவில்லை. ஏடுகள் களவுபோதல் அத்துடன் நின்றதும் அன்று; 2020 நவம்பர் முதல் 2022 நவம்பர் வரை திக்ரே பகுதியில் நடந்த போரிலும் தேவாலயங்களும் மடங்களும் தாக்கப்பட்டு ஏடுகள் சிதைந்தன, கொள்ளைபோயின.

யாருடைய மரபு

‘எத்தியோப்பிய இலக்கியம்’ எனும்போது கீயெஸ், அம்ஹாரிக் ஆகிய இரண்டையே கொள்வது ஆய்வுலகின் பழைய வழக்கம். எண்பதுக்கு மேற்பட்ட மொழிகள் வழங்கும் நாட்டில் இது பெருங்குறை. மெழுகும் பொன்னும் என்னும் உருவகம் நாட்டுக்கே பொதுவாக்கப்பட்டபோது இக்குறை மேலும் மிகுந்தது. ஹராரின் இஸ்லாமியக் கல்விமரபு அதில் அடங்காது. தொகையால் மிகுந்த ஒரோமோ மக்களின் ‘கேரார்சா’வும் அடங்காது. வேட்டையிலும் போரிலும் தான் செய்ததைத் தானே எடுத்துரைத்தல், குறைகூறல், இழிவுக்குள்ளானவன் தன் நிலையை அவையில் வைத்தல் ஆகியவற்றைக் கொண்டது கேரார்சா. அங்குப் பாடுவோன் தன் பொருளை மறைப்பதில்லை. உரத்துச் சொல்லுதலே அதன் அழகு. நம் புறத்திணையின் நெடுமொழி கூறலுக்கு அது அணித்தானது.

அம்மொழி ஏடேறிய வரலாறும் மறத்தற்கரியது. அடிமையாக விற்கப்பட்டு மீட்கப்பட்ட ஒனேசிமோஸ் நெசிப், அவ்வாறே மீட்கப்பட்ட ஆஸ்டர் கன்னோ ஆகிய இருவரும் செங்கடற் கரையை அடுத்த சுவீடன் நற்செய்திப் பணித்தளத்தில் இருந்து ஒரோமோ மொழிக்கு நூல் தந்தனர். ஆஸ்டர் தம் நினைவிலிருந்த கதை, பழமொழி, பாடல்களை எழுதித் தொகுத்தார். அவை இடம்பெற்ற வாசிப்பு நூல் 1894இல் வெளிவந்தது. விவிலியம் 1899இல் முற்றுப்பெற்றது. அப்போது எத்தியோப்பிய எழுத்தே பயன்பட்டது. ஹைலே செலாசி ஆட்சியில் ஒரோமோ மொழிக்குப் பள்ளியிலும் அச்சிலும் இடமில்லாது போயிற்று. 1991க்குப் பின்னரே இலத்தீன் எழுத்தில் ‘குபே’ என்னும் முறையோடு அது கல்விமொழியாயிற்று. மொழி ஒன்று அச்சேறும் உரிமையை இழந்திருந்த காலத்தில், அந்நாட்டுக் கவிதையின் இயல்பே மறைத்துக் கூறல் என எழுதப்பட்டது எண்ணிப்பார்க்கத்தக்கது.

வீதிப்பாடகராகிய அஸ்மாரியர் அம்ஹாரிக் வழக்கில் இருபொருட் பாடலை விருந்திலும் மதுவிடுதியிலும் வளர்த்தவர். மசின்கோ என்னும் ஒற்றை நரம்பு இசைக்கருவியை இசைத்து, எதிரிலிருப்போரைப் புகழ்ந்தபடியே குத்திக்காட்டுவது அவர் திறம். 1937 பிப்ரவரியில் இத்தாலிய ஆளுநர் கிராசியானி மீது கொலைமுயற்சி நடந்தபின், குறிசொல்வோரையும் பாடகரையும் கதைசொல்வோரையும் ஒழிக்குமாறு ஆணை பிறந்தது. அவர்கள் பாடியதன் பொன்னை ஆக்கிரமிப்பாளர் அறிந்தனரோ இல்லையோ, பாடுவோர் உயிருடன் இருத்தலே தீங்கு எனக் கருதினர். எல்லோரும் வெளிப்படையாகப் பேசும் உரிமை பெற்றிருந்தும் இம்மக்கள் மறைத்துப் பேசினர் என்று கருதிவிடலாகாது. ஆணையும் தண்டனையும் தலைமேல் நின்றபோது ஒரு கவிதைக் கருவி கேடயமாகவும் பயன்பட்டது. பயன்பாட்டை இயல்பென்று மயங்கியதே ‘மறைபொருள் மனம்’ என்னும் கொள்கை.

புதினம்: மெழுகைக் கைவிட்டவர்

அம்ஹாரிக் உரைநடை தெவோத்ரோஸ் காலத்து வரலாற்றேடுகளில் வலுப்பெற்று, 1908இல் உரோமில் அச்சான அஃபெவோர்க் கெப்ர இயேசுஸின் புதினத்தோடு புதிய தடத்தில் புகுந்தது. அம்முதற் புதினத்தில் கதையைவிட நடையே சிறந்தது. புதினக் கலையின் உச்சம் ஹத்திஸ் அலெமாயெகுவின் ‘ஃபிகிர் இஸ்கெ மெகாபிர்’ (கல்லறை வரை காதல்). எத்தியோப்பிய ஆண்டுக்கணக்கு நம் வழக்கிலுள்ள கணக்கிற்கு ஏழெட்டு ஆண்டு பின்தங்கியிருப்பதால், நூலில் 1958 எனக் காணும் ஆண்டு 1965-66 ஆகும். லெவைன் நூல் வெளிவந்த அதே காலம். அதன் தலைவன் பெஸாபிக் கெனே கற்ற ஏழை மாணவன். பெருநிலக்கிழாரின் மகள் செப்லெவுக்குக் கல்வி கற்பிக்க வருகிறான். மறைமொழியில் தேர்ந்த அவன் தன் காதலை மறைப்பதில் தோற்பதும், ‘பித்தன்’ எனப் பட்டஞ்சூட்டப்பட்ட குது காசா நிலக்கிழாரிய ஒழுங்கை அவையறிய இகழ்வதும் நூலின் அச்சு. ஊரார் ஒருவனைப் பித்தன் என்றழைத்தால்தான் அவன் உண்மையை மெழுகின்றிப் பேச முடியும் என்பதை இப்பாத்திரம் காட்டுகிறது. ஒரே காலத்தில் வெளிவந்த இரு நூல்களுள், அம்ஹாராச் சமூகத்தின் மௌனத்தை அச்சத்தோடும் உடைமையோடும் சேர்த்துக் கண்டது புதினமே. பின்னர் வொகாயெகு நிகாத்து இதனை வானொலியில் வாசித்தபோது எழுத்தறியாதோரும் அதனைக் கேட்டனர்.

பெஅலு கிர்மாவின் ‘ஒரோமாய்’ இன்னும் ஒருபடி அப்பால் செல்கிறது. இந்திய வணிகர் ஒருவருக்கும் எத்தியோப்பியத் தாய்க்கும் பிறந்த இவர் இதழாளர்; தெர்க் இராணுவ ஆட்சியின் செய்தித்துறையில் உயர்பதவி வகித்தவர். 1982இல் எரித்திரிய விடுதலைப் போராளிகளை ஒடுக்க நடந்த ‘செவ்விண்மீன்’ படையெடுப்பின் பரப்புரைப் பணிக்கு அஸ்மாரா சென்று, கண்டதை அடுத்த ஆண்டே புதினமாக்கினார். கதைசொல்லி செகாயேயும் அவரைப்போல அரசுப் பரப்புரையாளன். இரு நகரங்களுக்கும் இரு பெண்களுக்கும் இடையில் அகப்பட்டவன். துப்பறி கதையின் விரைவும் இதழியல் நடையின் வறட்சியும் நூலில் கலந்துள்ளன. உரையாடல்கள் சில இடங்களில் அறிக்கையாகிவிடுகின்றன என்பதை மறைப்பதற்கில்லை. ஆனால் அதிகாரத்திலிருந்தோரை அவர்தம் சாயல் மாறாமலே நூலில் நிறுத்திய துணிவிற்கு அம்ஹாரிக் இலக்கியத்தில் முன்னோடி அரிது. இருபொருள் கூறும் கலையில் வந்த மரபினர் ஒருவர் ஒருபொருளையே கூறினார். நூல் தடைசெய்யப்பட்டது, படிகள் பறிமுதலாயின, ஆசிரியர் பதவியிழந்தார். 1984 பிப்ரவரியில் வீட்டிலிருந்து வெளியே சென்றவர் திரும்பவில்லை. பறிமுதலுக்குத் தப்பிய படிகள் மறைவாகக் கைமாறிப் படிக்கப்பட்டன. இங்கு மறைந்திருந்தது பொருளன்று, நூல்.

‘ஒரோமாய்’ என்பது அம்ஹாரிக் சொல்லன்று. ‘இனி’, ‘இப்போதே’ எனப் பொருள்படும் இத்தாலியச் சொல் குடியேற்ற ஆட்சியின்வழி எரித்திரியப் பேச்சில் கலந்து, ‘எல்லாம் முடிந்தது’ என்னும் பொருளை ஏற்றுக்கொண்டது. வென்ற மொழி, அடங்கிய நகரம், தோற்ற படையெடுப்பு ஆகிய மூன்றும் அவ்வொரு சொல்லில் நிற்கின்றன. அவற்றுள் எது மெழுகு, எது பொன் என்று பிரிக்க இயலாது. 2025இல் இந்நூலை ஆங்கிலத்தில் தந்த டேவிட் டெகுஸ்டா, மெஸ்ஃபின் ஃபெலெக்கே யிர்கு ஆகிய இருவரும் தலைப்பைப் பெயர்க்காமல் அவ்வாறே விட்டுள்ளனர்.